அண்ணன் கலக்காத தண்ணீர்

கழிவு எண்ணெய்த் தொழிலில் இறங்குகிறவர்களுக்கு முதலில் போவது நகத்தின் நிறம். அடுத்துப் போவது நல்ல பெயர்.

என் அண்ணன் சேதுவுக்கு இரண்டும் போயின. நகம் போனதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். பெயர் போனதற்குச் சொல்வேன். போர்ட் பிளேரில் ஓர் ஆபீஸில் அவனை உட்காரவைத்து, தமிழில் கேள்வி கேட்டு, தமிழில் பதில் வாங்கி, அதை இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே அவன் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எல்லா ஆபீஸுக்கும் பொருந்தும். அந்தக் காகிதத்தின்படி, தான் விற்கும் எண்ணெயில் தண்ணீர் இருப்பதாக அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. இருந்தும் எங்கள் ஐந்து பீப்பாய்களுக்கும் அரக்கு சீல் விழுந்தது.

டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களே, மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் டீசல் என்று கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போட்டவர்களே, நீங்கள் எல்லோரும் என் கட்சி. உங்களிடம்தான் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

தோசைக்கல்லில் பரீட்சை

நான் மெட்ராஸில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். மாணவர் வேலைநிறுத்தம் என்று பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். ஹாஸ்டலிலிருந்து துரத்தப்பட்டு, கப்பல் ஏறி ஊர் வந்தால், வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அண்ணன் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஃபீனிக்ஸ் பேயில் படகுகளைப் பழுதுபார்க்கிற பட்டறைகளில், இன்ஜினிலிருந்து வடித்து எடுக்கும் பழைய எண்ணெயை எடுத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதற்குத் தீவில் எல்லோரும் சொல்லும் பெயர் 'ஜலா தேல்'. ஹிந்தியில் எரிந்த எண்ணெய். வங்காளியும் அப்படித்தான் சொல்வார், தெலுங்கரும் அப்படித்தான். எங்கள் வீட்டில் தமிழில் பேசும்போதும் அது ஜலா தேல்தான். அதற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கவேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

அதை ஒரு வாரம் பீப்பாயில் அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். தண்ணீரும் சகதியும் அடியில் தங்கும். அடியிலுள்ள குழாயைத் திறந்து அவற்றை வடித்துவிட்டு, மேலே நிற்பதை அரைப் பீப்பாயில் ஊற்றி, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்ச வேண்டும். ஆறியதும் பழைய கம்பளியில் ஒரு முறை, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். பிறகு ஒரு பங்கு டீசலுக்கு நாலு பங்கு இது. நல்ல டீசலில் இன்ஜினைக் கிளப்பி, சூடானதும் இந்தக் கலவைக்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வந்துவிட வேண்டும். கப்பல் தாமதமாகும் மாதங்களில், இருக்கிற டீசலை இப்படி நீட்டித்துத்தான் தீவில் பாதி இன்ஜின்கள் ஓடின.

தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்க அண்ணனிடம் இருந்த ஒரே கருவி அம்மாவின் பழைய தோசைக்கல். அதைக் காயவைத்து ஒரு சொட்டு விடுவான். சத்தமில்லாமல் புகைந்தால் நல்ல எண்ணெய். சடசடவென்று துள்ளினால் உள்ளே தண்ணீர். "இது ஆராய்ச்சி முறையா?" என்று நான் சண்டைக்குப் போனேன். அப்போது எண்ணெய் வாங்க வந்திருந்த காதர் பாய் சிரித்தார். சௌல்தாரியில் நெல் குத்தும் மில் வைத்திருப்பவர், எங்களுடைய பெரிய வாடிக்கை. "முறையெல்லாம் சரிதான் பாப்பா. உங்க அண்ணன் எண்ணெயில என் இன்ஜின் நின்ன எடத்துலயே ஓடுது. அந்தப் புகையில என் பொண்டாட்டிதான் தாய்வீட்டுக்கு ஓடுறா."

காலேஜுக் கலவை

சும்மா இருக்க முடியாத கை என்னுடையது. கொப்பரை ஆட்டும் செக்குகளில் அடியில் தங்கும் தேங்காயெண்ணெய்க் கசடைத் தூக்கி எறிகிறார்களே, அதுவும் எண்ணெய்தானே, எரியத்தானே வேண்டும் என்று அண்ணனோடு இரண்டு நாள் வாதாடினேன். எரியும் என்று புத்தகத்தைக் காட்டி நிரூபித்தேன். மூன்றாம் நாள் அவன் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு டின்னை என்னிடம் ஒப்படைத்தான்.

எரியத்தான் எரிந்தது. கொட்டகையிலிருந்த சோதனை இன்ஜின் என் கலவையில் கால்மணி நேரம் கம்பீரமாக ஓடி, பிறகு இருமி, விக்கி, நின்றது. வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே அல்வா. கசடில் பிசினும் இருக்கும், ஈரமும் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துமிருந்தது, வாதத்தில் மறந்துவிட்டது. அண்ணன் அந்த அல்வாவை விரலால் வழித்து என் முன்னால் நீட்டினான். "இன்ஜினுக்கு இங்கிலீஷ் தெரியாதுடி ராஜி. நீ அதுக்குப் புத்தகத்தைக் காட்டாத."

அந்த டின் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அப்புறம் ஒரு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

நடுத் துறைமுகத்தில்

ஒரு கார்த்திகைக் காலை. அக்கரையில் இருந்த சிநேகிதியைப் பார்க்க ஹரிபதாவின் படகில் ஏறினேன். ஹரிபதா கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் பூட்டிய சிறிய படகு வைத்துத் துறைமுகத்துக்குக் குறுக்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். முந்தின நாள்தான் எங்களிடம் எண்ணெய் வாங்கியிருந்தார். படகில் பதினோரு பேர். இரண்டு ஆடு. குடை பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரியும் அவர் மனைவியும். எனக்குக் கிடைத்த இடம் எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில். அதன் மூடி எப்போதோ கடலில் விழுந்திருக்க வேண்டும். வாயில் ஒரு கிழிசல் துணியை உருட்டிச் செருகியிருந்தார்கள். மழை நேராக அதன்மேல் பெய்துகொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்ததைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

பாதி வழியில் இன்ஜின் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஹரிபதா குனிந்து பம்பின் திருகை விரலால் தளர்த்தினார். எண்ணெய் வரவேண்டிய இடத்தில் நிறமில்லாத ஒரு கோடு ஓடி வந்தது. தண்ணீர். நீரோட்டம் படகை மெல்லத் துறைமுக வாய்ப்பக்கம், திறந்த கடல் பக்கம், தள்ளிக்கொண்டு போனது. பாறைகள் மேல் அலை உடைவது வெள்ளையாகத் தெரிந்தது. எல்லோரும் கத்தினார்கள். ஆடுகள்கூட. நான் ஒரு டின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டே ஒரே ஒரு விஷயத்தை நினைத்தேன்: ஈரக் கசடு. என் டின். அண்ணன் அதை எந்தப் பீப்பாயில் ஊற்றினான்?

பாறைக்கு நாலைந்து படகு தூரத்தில், மீன் பிடித்துத் திரும்பிய ஒரு பெரிய படகு கயிறு வீசி எங்களை இழுத்தது. கரை ஏறியதும் அதிகாரி நடுங்கும் மனைவியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹரிபதாவின் சட்டையைப் பிடித்தார். ஹரிபதா என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஸாப், இன்ஜின் மேரா டீக் ஹை. தேல் சேது கா ஹை." இன்ஜின் என்னுடையது, அது சரியாக இருக்கிறது; எண்ணெய்தான் சேதுவுடையது என்று அர்த்தம்.

தமிழில் கேட்டார், தமிழில் சொன்னேன்

மறுநாளே அண்ணனைக் கூப்பிட ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. படகில் வந்த அந்த அதிகாரிக்கு ஹிந்தி தெரியும், தமிழ் தெரியாது. ஆபீஸில் புதிதாகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்திருந்தார், அவருக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரியும், ஹிந்தி தெரியாது. சேதுவும் தமிழன், நீயும் தமிழன், வாக்குமூலத்தை நீயே வாங்கு என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். நம்ம ஊர்க்காரர், நல்ல மனுஷன், காபி வாங்கிக்கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்குள் வந்தான். கையில் கார்பன் நகல்.

நான் வாங்கிப் படித்தேன். இரண்டாவது முறை படித்தேன். "தன்னிடமுள்ள எண்ணெய் முழுவதும் தண்ணீர் கலந்தது என்று வாக்குமூலம் அளிப்பவர் ஒப்புக்கொள்கிறார்." கீழே தமிழில், அழகாக, சேது. பத்து நாளில் விசாரணை. அதுவரை பீப்பாய்களுக்கு சீல். குற்றம் உறுதியானால் பட்டறை எண்ணெய்க்கான அனுமதி ரத்து. அந்த அனுமதிக்கு ஏற்கெனவே இரண்டு பேர் மனுப் போட்டுக் காத்திருப்பதும் எங்களுக்குத் தெரியும். "நீ தண்ணி கலந்தேன்னு சொன்னியா?" "பைத்தியமா எனக்கு?" "அப்ப இது என்ன?" அவன் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கும் என்பதுபோல.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. அதையும் கேட்டேன். "அண்ணே, என் டின்னு... அந்தக் கசடு..." "அது கொட்டகை மூலையில கெடக்கு. நாய்கூட மோந்து பாக்கல." நான் விட்ட மூச்சில் அந்தக் காகிதம் ஆடியது. பயம் போனதும் கோபம் முழுசாக வந்தது. படிக்காமல் யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்று தெருவே கேட்கக் கத்தினேன். அண்ணன் சத்தமே போடாமல் சொன்னான்: "அவரு தமிழ்ல கேட்டாரு, நான் தமிழ்ல சொன்னேன். இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

சௌல்தாரி மூட்டைகள்

அறுவடை வந்துவிட்டது. கப்பல் வரவில்லை. மாயாபந்தர் போய்த் திரும்பும், நாளை வரும், மறுநாள் வரும் என்று ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். காதர் பாயிடம் இரண்டு நாளைக்கான டீசல் மட்டும் இருந்தது. எங்கள் எண்ணெய் கூடச் சேர்ந்தால் பத்து நாள் ஓட்டியிருப்பார். நானும் அண்ணனும் சௌல்தாரிக்குப் போனபோது மில் வாசலில் மூட்டைகள் கழுத்தளவு நின்றன. வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், நம்மவர்கள் எல்லோரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் நெல் இருக்கிறது, அரிசி இல்லை. பெண்கள் உரலில் குத்த ஆரம்பித்துவிட்டார்கள். எங்களைக் கண்டதும் ஒரு கிழவர் ஹிந்தியில் ஏதோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். 'பானிவாலா' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. தண்ணீர்க்காரன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்து நான் பார்த்ததில்லை. நான் அந்தக் கிழவரிடம் வாதிடக் கிளம்பினேன். காதர் பாய் கையை நீட்டித் தடுத்தார். "விடு பாப்பா." பிறகு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், எனக்கும் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்க: "தம்பி, உன் எண்ணெயில தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியும், என் இன்ஜினுக்குத் தெரியும். ஆனா விசாரணையில உன் பேரு கெட்டுச்சுன்னா, அதுக்கப்புறம் நீ தங்கத்தைக் காய்ச்சி ஊத்துனாலும் நான் வாங்க முடியாது. இந்த மூட்டைக்காரங்க என் மில்லுக்கே வரமாட்டாங்க."

ஹரிபதா கேட்ட கேள்வி

ஹரிபதாவின் தொட்டி வாயிலிருந்த கிழிசல் துணி அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே ஜெட்டிக்குப் போனேன். ஹரிபதா படகில் உட்கார்ந்து தொட்டிக்குப் புதிய மூடி பொருத்திக்கொண்டிருந்தார். பளபளவென்று தகர மூடி. நான் அதையே பார்த்தேன். அவர் திருகுவதை நிறுத்திவிட்டார்.

வங்காளியை அண்ணா என்று கூப்பிடும் முறையில் கூப்பிட்டேன்: "தாதா, மழைத் தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விசாரணையில வந்து சொல்லுங்க." நியாயம், மனசாட்சி, சட்டம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்: "தீதி, நான் சொன்னா, பதினோரு ஆளை மூடி இல்லாம கூட்டிட்டுப் போனதுக்கு என் படகு போச்சு. நான் சொல்லலேன்னா உன் அண்ணன் போச்சு. நீ படிச்ச பொண்ணு. யாரு போகணும், நீ சொல்லு."

படகுக்குள் அவர் மனைவி கைக்குழந்தையோடு இருந்தாள். நான் ஜெட்டிப் படிகளில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன்.

குமாஸ்தாவின் மேசை

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். பொய் எழுதிய குமாஸ்தா. அனுமதிக்கு மனுப் போட்டிருக்கும் இரண்டு பேரில் யாரோ ஒருவர் அவரைக் கைக்குள் போட்டிருக்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஒல்லியான மனிதர், நெற்றியில் திருநீறு, மேசையில் ஒரு மண்கூஜா. "என் அண்ணன் சொல்லாததை எழுதியிருக்கிறீர்கள்" என்றேன். "நான் எழுதினதெல்லாம் அவர் சொன்னதுதாம்மா" என்றார். "பொய்." "ஏம்மா, எனக்கென்ன காது கேக்காதா? ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் கேட்டேன். அவரும் ரெண்டு தரம் சொன்னார்."

நான் குரலை உயர்த்தினேன். பக்கத்து மேசைகளில் டைப் சத்தம் நின்றது. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று மாற்றி மாற்றி வீசினேன். லஞ்சம் என்ற சொல்லையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. கோபத்தால் அல்ல என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் நிஜமாகவே அடிபட்டுப்போனார். எனக்கு இருமல் வந்தது. பேசமுடியவில்லை. அவர் எழுந்தார். என்னைத் துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். கூஜாவைச் சாய்த்து ஒரு டம்ளரை நிரப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"கொஞ்சம் ஜலம் குடிங்கோ. அப்புறம் சண்டை போடலாம்."

ஜலம்

டம்ளரைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அதைத் தண்ணி என்போம். தெருவில் பானி. ஜலம் என்று சொல்லும் ஒருவரை நான் தீவில் அதுவரை சந்தித்ததே இல்லை.

"ஸார், என் அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னான்? அவன் வாயிலே வந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க." "அதான் எழுதியிருக்கேனே." "தமிழ்ல சொல்லுங்க ஸார்." அவர் கொஞ்சம் யோசித்து, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "'ஸார், நம்மகிட்ட இருக்கறது பூராவும் ஜலா தேல்தான், ஊருக்கே தெரியும்.' எனக்கே தூக்கிவாரிப் போட்டுடுத்து. என்னடா இது, ஊருக்கே தெரியும்னு தைரியமா ஒத்துக்கறாரேன்னு. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். ஜலத் தைலம். ஜலம் கலந்த தைலம். இதுக்கு வேற அர்த்தம் உண்டோ?"

ஒரு பஞ்சாபி எழுதியிருந்தால் அண்ணன் தப்பியிருப்பான். ஒரு வங்காளி எழுதியிருந்தாலும் தப்பியிருப்பான். தமிழன் தமிழனிடம் தமிழில் சொன்னதால் மாட்டிக்கொண்டான். நான் ஜலா என்றால் எரிந்தது என்று விளக்கினேன். அவர் அடுத்த மேசையிலிருந்த ஹிந்திக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். லஞ்சம் என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். வாதத்தில் தோற்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்: "அப்போ இந்த ஊர்ல ஜலம்னா ஜலம் இல்லையா?"

விசாரணை

இனி ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் போனேன். அதிகாரி நான் சொன்னதைக் கேட்டார், குமாஸ்தாவின் விளக்கத்தையும் கேட்டார். சிரிக்கவில்லை. "வார்த்தை எப்படியோ போகட்டும். என் மனைவி இன்னும் படகு என்றால் அழுகிறாள். எண்ணெயில் தண்ணீர் இருந்ததா இல்லையா? அதைக் காட்டு" என்றார் ஹிந்தியில். சீல் வைத்து ஆபீஸ் முற்றத்தில் நிறுத்தியிருந்த பீப்பாய்களை நோக்கி நடந்தார். நாங்கள் கொண்டுபோயிருந்த அம்மாவின் தோசைக்கல் அடுப்பில் ஏறியது. பியூன் ஒரு பீப்பாயின் சீலை உடைத்து, அடிக்குழாயைத் திறந்து, ஒரு கரண்டி பிடித்துக் கல்லில் ஊற்றினான்.

கல் வெடித்ததுபோல் இருந்தது. சடசடவென்று துள்ளி அதிகாரியின் சட்டையில் கரும்புள்ளி தெறித்தது. கூட்டம் ஓவென்றது. காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். நான் என்னென்னவோ கத்தினேன்: பத்து நாள் மழையில் நிறுத்தினீர்களே, மேல் திருகு வழியாக மழை இறங்காதா, சீல் உங்களுடையது, பீப்பாய் உங்கள் காவலில் இருந்தது. எல்லாம் சரியான வாதங்கள். யாரும் கேட்கவில்லை. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

அண்ணன் என் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினான். "ஸாப், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அடிக்குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணீர் ஓடியது. சிவப்பும் பழுப்புமாக, முற்றத்தில் ஓடை மாதிரி. அவன் அவசரப்படவில்லை. தண்ணீர் மெலிந்து, கறுத்து, எண்ணெய் எட்டிப்பார்த்ததும் மூடினான். பிறகு மேல் திருகைக் கழற்றி, உள்ளே கரண்டியை விட்டு, மேலே நின்ற எண்ணெயை எடுத்தான். கல்லைத் துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டு விட்டான். நீலமாக ஒரு புகை எழுந்தது. சத்தமே இல்லை. இன்னொரு சொட்டு. இல்லை. மீதி நாலு பீப்பாயிலும் அப்படியே செய்தான். எந்தப் புத்தகத்தையும் காட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல். மழை அடியில் தங்கியிருந்தது. அண்ணன் காய்ச்சிய எண்ணெய் மேலே அவன் வைத்தபடியே இருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்படியென்றால் படகுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" கூட்டத்தின் ஓரத்தில் ஹரிபதா நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டை, எலும்பு நோக, அழுத்தினான். அழுத்தியபடியே அதிகாரியைப் பார்த்து, இந்த முறை ஜாக்கிரதையாக, முழுக்க முழுக்க ஹிந்தியிலேயே சொன்னான். அதன் தமிழ் இது: "கடல்ல ஓடுற படகு ஸாப். அதுல தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு என்னைக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

பதில்

எழுத்தில் பதில் வரும்வரை எண்ணெயைத் தொடக்கூடாது என்றார்கள். இன்னும் பத்து நாள். காதர் பாய் மில்லில் மூட்டை குறைந்துகொண்டே வந்தது, மக்கள் வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனதால். ஹரிபதா தினமும் ஒரு மீனைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கூப்பிட்டாலும் நிற்காமல் போனார். அண்ணன் வெறும் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். நான் மேல்முறையீட்டுக்கு இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் குமாஸ்தாவே காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தானே டைப் அடித்தது, ஆனால் மேலிடத்தில் சொல்லச் சொல்ல அடித்தது, ஒரு எழுத்தும் தன்னுடையது இல்லை என்று உள்ளே வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அண்ணன் அதை வாங்கவில்லை. "நீ படி. முழுசும் படி. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். முதல் பத்தியை நான் உரக்க வாசித்துத் தமிழில் சொன்னேன்: சீல் நீக்கப்படுகிறது, பட்டறை எண்ணெய்க்கான அனுமதி தொடர்கிறது, வாக்குமூலத்தில் தண்ணீர் கலந்தது என்பது எரிந்தது என்று திருத்தி வாசிக்கப்படும். அம்மா அழுதாள். அண்ணன் அப்போதே பீப்பாய் கொண்டுவர லாரிக்குச் சொல்ல எழுந்துவிட்டான். பின்பக்கம் திருப்பினேன், இரண்டாவது பத்தி இருந்தது.

தண்ணீர் கலந்தவன் என்ற பழியிலிருந்து இருபத்தோரு நாளில் மனிதனை விடுவிக்கிற அரசாங்கம் அவனைச் சும்மா விட்டுவிடாது என்பதைப் புரியாத மொழியில் கையெழுத்துப் போட்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, அந்த இரண்டாவது பத்தி இதுதான்: "தன்னிடமுள்ள எண்ணெய் முழுவதும் எரிந்துபோனது என்று வாக்குமூலம் அளித்தவரே இப்போது ஒப்புக்கொண்டிருப்பதால், அந்தத் தீ எந்தத் தேதியில், எந்த இடத்தில், யாருடைய கவனக்குறைவால் ஏற்பட்டது என்பதையும், அதை உடனே ஏன் தெரிவிக்கவில்லை என்பதையும் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவேண்டியது."